உதை போதாத நம்புராஜன்

நம்புராஜன் ஓங்கி உதைத்தால் பந்து இருபது கெஜம் போகும். அதற்கு மேல் ஒரு கெஜம் போகச் சொன்னாலும் அதற்கு மனம் வராது. உருண்டு, தயங்கி, மைதானத்துப் புழுதியில் நின்றுவிடும். கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் பேக்கு ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது பந்தாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரி கொண்டுவரும் பந்தைப் பறிக்கவேண்டும். பறித்த பந்தை ஒரே உதையில் மைதானத்தின் மறுபாதிக்கு அனுப்பவேண்டும். பாம்பன் டீமில் ஆறு வருஷமாக இடதுபக்கப் பேக்காக நின்ற நம்புராஜன் அந்த வேலையில் முன்பாதியை மட்டும்தான் செய்தான். ஆனால் அந்த முன்பாதியை அவனைப் போலச் செய்தவன் ராமநாதபுரம் சீமையில் வேறு ஒருவன் இருந்ததாகத் தெரியவில்லை.

நம்பு நாயகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் வந்த பெயர். அதை வைத்தும் கேலி செய்தார்கள். டீமின் காரியதரிசி நாகநாதன், ரயில்வே சரக்குக் கிடங்கில் குமாஸ்தா, வாய்க்கு வாய் சொல்லுவார்: "பேருதான் நம்பு. காலை நம்பினா கோல்தான்." சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நம்புராஜனும் சேர்ந்து சிரிப்பான். மறுநாள் விடியுமுன் கவிழ்த்துப் போட்ட தோணிக்கு எதிரே நின்று நூறு தடவை பந்தை உதைத்துப் பழகுவான். இரண்டு வருஷம் அப்படிப் பழகியதில் பதினெட்டு கெஜம் இருபது கெஜமானது. அதோடு அவன் கால் கையை விரித்துவிட்டது.

காலில் ஊனம் ஒன்றும் இல்லை. வளர்ந்த விதம் அப்படி. பாம்பனுக்குத் தெற்கே கடலை ஒட்டி நாற்பது ஓலைக் குடிசைகள் இருந்தன. அங்கே இருந்தவர்கள் எல்லாம் கரைவலை இழுப்பவர்கள். தோணி ஒன்று வலையைக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுவிட்டு வரும். வலையின் இரு முனைகளிலும் கட்டிய நீளக் கயிறுகளைக் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்கவேண்டும். முகம் கடலைப் பார்த்திருக்கும், முதுகு கரையைப் பார்த்திருக்கும். குதிகாலை மணலில் புதைத்துப் புதைத்துப் பின்னால் நடக்கவேண்டும். கயிற்றின் கடைசிக்கு வந்தவன் கையை விட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பான். விடிந்ததிலிருந்து மணல் சுடுகிற வரைக்கும் இதுதான் வேலை. நம்புராஜன் எட்டு வயதில் கயிற்றைப் பிடித்தவன். அவன் வாழ்நாளில் முன்னால் நடந்த தூரத்தைவிடப் பின்னால் நடந்த தூரம்தான் அதிகம்.

அந்த நடை அவன் உதையைக் கெடுத்தது. உதைக்கிறவனுக்கு இடுப்பிலிருந்து கால் வீசி வரவேண்டும். நம்புராஜனின் கால் வீசாது, ஊன்றும். ஆனால் அதே நடைதான் அவனை ஆட்டக்காரனாகவும் ஆக்கியது. மற்ற பேக்குகள், பந்தோடு வருகிறவன் தம்மைத் தாண்டப் பார்த்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு துரத்துவார்கள். திரும்புகிற அந்த ஒரு நொடியில் வந்தவன் போய்விடுவான். நம்புராஜன் திரும்பவே மாட்டான். வருகிறவனின் கண்ணைப் பார்த்தபடி, அவன் வருகிற வேகத்திலேயே பின்னால் ஓடுவான். வந்தவன் இடப்பக்கம் விலகினால் நம்புராஜனும் இடப்பக்கம். வலப்பக்கம் வந்தால் அவனும் வலப்பக்கம். கண்ணாடியைத் தாண்டிப் போகமுடியாமல் தவிப்பதுபோலத் தவித்து, கடைசியில் பந்தைக் காலடியில் கொஞ்சம் தூரமாக விட்டுவிடுவான் வந்தவன். அப்போது ஒரு குதிகால் நீளும். பந்து நம்புராஜனிடம் இருக்கும்.

அதற்குப் பிறகு அவன் செய்வது ஒன்றுதான். பந்தைப் பக்கத்தில் நிற்கும் வலதுபேக்கு அகமது கபீரிடம் தட்டிவிடுவான். கபீர் டீமுக்கு காப்டன். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முப்பத்தொன்பது வயதானாலும் உதைத்தால் பந்து பாலத்தைத் தாண்டிவிடும் என்று ஊரில் பேச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னால், மைதானத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம்புராஜனை, ஆள் குறைந்த ஒரு நாளில், "ஏலே, இங்கன வந்து நில்லு" என்று கூப்பிட்டு நிறுத்தியவர் அவர்தான். வலை இழுக்கிற கூட்டத்திலிருந்து ஒருத்தனை டீமில் சேர்ப்பதா என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. நேரத்துக்கு வரமாட்டார்கள், ஒழுங்குக்கு அடங்கமாட்டார்கள் என்றார்கள். நம்புராஜன் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

1957 தை மாதம். ராமநாதபுரத்தில் ஷீல்டு ஆட்டங்கள். அரையிறுதியில் பரமக்குடி டீமை எதிர்த்து பாம்பன் ஆடியது. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாம்பன் இரண்டு, பரமக்குடி ஒன்று. கோல் காக்கும் சதக்கின் கையில் பந்து வந்தது. வழக்கமாக அவன் அதைக் கபீரிடம்தான் கொடுப்பான். உதை இல்லாத நம்புராஜனிடம் யாரும் கொடுப்பதில்லை. அன்று கபீரைச் சுற்றி இரண்டு பேர் நின்றார்கள். நம்புராஜன் மட்டும் ஆளில்லாமல் நின்றான். சதக் பந்தை அவன் பக்கம் உருட்டிவிட்டுக் கத்தினான்: "நம்பு, வாங்கு."

நம்புராஜனின் குதிகால் இரண்டும் தரையில் ஊன்றின. அவன் உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. மூன்று எட்டு பின்னால் நடந்துவிட்டான். அவன் நின்றிருந்த இடத்துக்குப் பந்து உருண்டு வந்தது. அங்கே யாருமில்லை. பரமக்குடிக்காரன் ஒருவன் ஓடிவந்து எடுத்து கோலுக்குள் போட்டான்.

கடைசி நிமிஷத்தில் பாம்பன் இன்னொரு கோல் போட்டு ஜெயித்ததும், இறுதி ஆட்டத்துக்குப் போனதும் யாருக்கும் இனிக்கவில்லை. திரும்பி வருகிற ரயில் பெட்டியில் நாகநாதன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உதை இல்லாதவன்னு இத்தனை நாள் பொறுத்தோம். இன்னைக்குப் பந்தைக் கண்டு பயந்து பின்வாங்கிட்டான். இதை எந்தக் கணக்குல வைக்கிறது?"

நம்புராஜன் வாயைத் திறந்தான். ஏன் பின்னால் போனோம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பெட்டியே சிரிக்கும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வலை அறுந்ததுபோல அறுந்து தொங்கியது.

வீட்டில் அவன் மனைவி ராக்கு காய்ந்த மீனை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் கயிறு இழுத்து வளர்ந்தவள்தான். அவளிடம் சொன்னான். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கரையில் வரிசைக்குத் தலைமை நிற்கிறவர் 'வாங்கு' என்று குரல் கொடுத்தால், எல்லாரும் ஒரே மூச்சில் கயிற்றோடு பின்னால் போகவேண்டும். வலை வாங்குவது என்றால் அதுதான். கடைத்தெருவில் அந்த வார்த்தைக்குக் கை நீட்டிப் பெற்றுக்கொள்வது என்று பொருள் இருப்பது நம்புராஜனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பழகிய குதிகாலுக்கு அது தெரியாது.

ராக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பவே சொல்லவேண்டியதுதானே."

"என்னன்னு சொல்ல? வாங்குன்னா எங்க கரையில வேற அர்த்தம்னா? இன்னும் ஆறு வருசத்துக்கு அதைச் சொல்லியே சிரிப்பாக."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாக. பயந்தவன்கிற பேரைவிட அது மேலு."

அவன் மெதுவாகச் சொன்னான்: "உதை இல்லேன்னு என்னைய டீமைவிட்டு எடுத்தாகன்னா, சரின்னு வந்துருவேன் ராக்கு. அது உள்ளதுதான். பயந்தவன்னு எடுத்தாகன்னா, இனிமே இந்தக் கரையிலேர்ந்து ஒருத்தனையும் அங்கன நிப்பாட்ட மாட்டாக. அதுக்கு மட்டும் நான் விடமாட்டேன்."

அவன் அஞ்சியது நடந்தது. அந்த வாரமே கபீரின் தம்பி சலாஹுதீன் கொழும்பிலிருந்து வந்து இறங்கினான். இருபத்தாறு வயது. அங்கே ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கிளப் ஒன்றில் பேக்காக ஆடியவன். வந்த அன்று மாலை மைதானத்தில் அவன் உதைத்த முதல் பந்து, எதிர்ப்பக்க கோல் கம்பத்தைத் தாண்டி உடைமர வேலிக்குள் போய் விழுந்தது. அதைத் தேடி எடுக்க நான்கு பேர் போனார்கள். நாகநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றே கமிட்டி கூடியது. நம்புராஜனை எடுத்துவிட்டு சலாஹுதீனைப் போடுவதென்று பேசி முடித்தார்கள். கபீர் மட்டும், "அவன்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வாரேன். ஆள்விட்டுச் சொல்றது முறையில்லே" என்றார்.

மறுநாள் காலையில் அவர் தென்கடல் கரைக்கு வந்தபோது வலை பாதி வந்திருந்தது. இரண்டு வரிசையிலும் ஆள் போதவில்லை. வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒருவர் மணலில் நடந்து வருவதை நம்புராஜன்தான் முதலில் பார்த்தான். எதற்கு வருகிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. கயிற்றை விட்டுவிட்டுப் போய்க் கேட்க அவனால் முடியாது. ஒருவன் விட்டால் வலை உள்ளே போகும்.

ராக்குவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் வரிசையில் நின்றபடியே கூப்பிட்டாள்: "வாங்கண்ணே. வந்தது வந்தீக, ஒரு கை பிடிங்க. ஆள் குறையுது."

கபீர் மறுக்கிற மனிதர் இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நம்புராஜனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். முன்னால் நின்ற தலைவர், யார் புதிதாக வந்தார் என்று பார்க்கவுமில்லை. நீட்டிக் குரல் கொடுத்தார்: "வாங்கு..."

கபீரின் கை கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தது. கால் அசையவில்லை. முன்னால் இருந்த பதினைந்து பேரும் ஒரே உடம்பாகப் பின்னால் வந்தார்கள். நம்புராஜனின் முதுகு அவர் மார்பில் மோதியது. ஜவுளிக்கடை அகமது கபீர், பாம்பன் டீமின் காப்டன், ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமும் இல்லை, அடுத்த குரல் வந்துவிட்டது. ராக்கு மட்டும் நடந்துகொண்டே, திரும்பாமல் பேசினாள்: "உங்களுக்கு வாங்குன்னா நின்னு பிடிக்கிறது. எங்களுக்கு வாங்குன்னா பின்னால போறது. பரமக்குடிக்காரன் முன்னால இவுக பின்னால போனதும் இந்தப் போக்குத்தான். பயம்னு சொன்னது யாருண்ணே?"

கபீர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரிசையைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். குதிகால் புதைவதும், முழங்கால் மடங்குவதும், ஒரு எட்டுகூடத் தடுமாறாமல் முப்பது பேர் முதுகுப்பக்கமாக மேட்டில் ஏறுவதும் அவருக்கு அன்றுதான் கண்ணில் பட்டன. ஆறு வருஷமாக மைதானத்தில் பக்கத்தில் பார்த்த கால் எங்கே பழகியது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

வலை கரை ஏறியதும் நம்புராஜன் அவர் முன்னால் வந்து நின்றான். கபீர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ பயப்படலேன்னு தெரிஞ்சுபோச்சு. அது என் தப்பு, எங்க எல்லாரு தப்பும்தான். ஆனா உதை இல்லேங்கிறது பொய்யில்லையே நம்பு. அது அப்படியேதானே இருக்கு."

"இருக்குண்ணே. ஒளிக்க மாட்டேன்."

"சலாஹுதீன் உதைக்கிறதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது." நம்புராஜன் நிமிர்ந்து பார்த்தான். "ஆனா என்னையத் தராசுல நிறுத்துப் பார்த்துட்டுத் தள்ளுங்க. ஒரு தட்டுல மட்டும் வச்சிட்டுத் தள்ளாதீக."

கபீர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சாயங்காலம் மைதானத்துக்கு வா" என்றார்.

மைதானம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. வாடைக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. செய்தி பரவி, ஊரில் பாதிக்கூட்டம் வந்துவிட்டது. குடிசைப் பக்கத்து ஆட்கள் ஓரமாகத் தனியே நின்றார்கள். முன்வரிசையில் நாகநாதன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாங்கு என்ற சொல்லின் கதையைக் கபீர் அவரிடம் சொல்லியிருந்தார். நாகநாதன் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, ரயிலில் தான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் இறுதி ஆட்டம் இறுதி ஆட்டம்தான், இரக்கத்துக்கு அங்கே இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

முதலில் உதை. சலாஹுதீன் ஐந்து பந்து உதைத்தான். ஐந்தும் மைதானத்தைக் கடந்தன. நம்புராஜன் ஐந்து உதைத்தான். எதிர்க்காற்று வேறு. ஒரு பந்து பதினைந்து கெஜத்திலேயே நின்று, காற்றில் கொஞ்சம் திரும்பியும் உருண்டது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. "ஊதிவிட்டாக்கூட இதைவிடப் போகும்" என்று யாரோ சொன்னார்கள். குடிசைப் பக்கத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ராக்கு மட்டும் தலையைக் குனியவில்லை.

நாகநாதன் குடையை எடுத்துக்கொண்டார். முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அப்போது நம்புராஜன் பந்தை எடுத்துக்கொண்டு போய் சலாஹுதீனின் காலடியில் வைத்தான்.

"உதைக்கச் சொன்னீக, உதைச்சேன். இப்ப இந்தத் தம்பியை என்னையத் தாண்டிப் போகச் சொல்லுங்க."

சலாஹுதீன் அண்ணனைப் பார்த்தான். கபீர் தலையசைத்தார். பத்து தடவை என்று பேச்சு.

முதல் தடவை சலாஹுதீன் சிரித்துக்கொண்டே வந்தான். அலட்சியமாக வலப்பக்கம் வெட்டினான். நம்புராஜன் வலப்பக்கம் இருந்தான். இடப்பக்கம் வெட்டினான். அங்கேயும் இருந்தான். பந்து போய்விட்டது. இரண்டாவது தடவை வேகத்தை நம்பி வந்தான். அவன் முன்னால் ஓடிய அத்தனை வேகத்துக்கும் நம்புராஜன் பின்னால் ஓடினான், முகத்தை முகம் பார்த்தபடி. மூன்றாவது தடவை சலாஹுதீனின் முகத்தில் சிரிப்பில்லை. நான்காவது தடவை தாண்டிவிட்டான், கூட்டம் ஆரவாரித்தது. ஐந்து, ஆறு, ஏழு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. எட்டாவது தடவை மறுபடி தாண்டினான். ஒன்பதில் இருவரும் மோதி விழுந்தார்கள். நம்புராஜனின் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவன் எழுந்து, மணலை அதன்மேல் அப்பிக்கொண்டு, "வாங்க தம்பி" என்றான்.

பத்தாவது தடவை சலாஹுதீன் பாதி வழியில் நின்றுவிட்டான். மூச்சு இரைத்தது. பந்தைக் காலால் நம்புராஜனிடமே தள்ளிவிட்டு, அண்ணன் கபீரிடம் வந்தான்.

"காக்கா, நான் கொழும்புல மூணு வருசம் ஆடியிருக்கேன். இந்த ஆளைப் போல ஒருத்தரைப் பார்த்ததில்லே. எனக்காக இவரை எடுக்கிறதா இருந்தா, நான் ஆடலே."

நாகநாதன் அதற்கும் அசையவில்லை. பந்தைப் பறிக்கிறான், ஒத்துக்கொள்கிறேன் என்றார். பறித்த பந்தை அங்கேயே வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இறுதி ஆட்டத்தில் தொண்டிக்காரர்கள் மூன்று பேராக வந்து சூழ்ந்தால் இருபது கெஜத்தில் பந்து திரும்ப அவர்கள் காலுக்கே போகும். அப்புறம் மறுபடி பறிக்கவேண்டும். எத்தனை தடவை பறிப்பான்? அவர் கேட்டது நியாயம் என்பது நம்புராஜனுக்கே தெரிந்தது.

கபீர் தம்பியைப் பார்த்தார், நம்புராஜனைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன்னுடைய வலது முழங்காலைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். அந்த முழங்கால் இரண்டு வருஷமாக வீங்குவதும் வடிவதுமாக இருந்தது. வீட்டில் மனைவி சுலைகாவைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

"நாகநாதன், இவனை யாரோடயெல்லாமோ நிறுத்துப் பார்த்தோம். என்னோட நிறுத்துப் பார்க்கலையே" என்றார்.

நாகநாதனுக்குப் புரியவில்லை.

"எனக்கு உதை இருக்கு. ஓட்டம் இல்லே. இந்த ரெண்டு வருசமா வலதுபக்கம் என்னையத் தாண்டிப் போனவனையெல்லாம் யாரு போய் மறிச்சது? இவன். ஒரே ஆள் ரெண்டு பேருக்கும் ஓடியிருக்கான். நான் உதைச்சதை எல்லாரும் பார்த்தீக. நான் தவறவிட்டதை இவன் யாரையும் பார்க்கவிடலே." அவர் விரலால் சுட்டிக் காட்டினார். "இடதுபக்கம் நம்பு. வலதுபக்கம் சலாஹுதீன். இவன் பறிப்பான், அவன் உதைப்பான். உட்காரவேண்டிய ஆள் நான்."

சலாஹுதீன், "காக்கா, வேண்டாம்" என்று அவர் கையைப் பிடித்தான். இருபது வருஷம் அந்த டீமுக்கு ஆடியவர். ஷீல்டு இறுதி ஆட்டம் ஒன்றில்கூட அவர் அதற்குமுன் ஆடியதில்லை. நம்புராஜன் முன்னால் வந்தான். "அண்ணே, நான் போயிடுறேன். நீங்க ஆடுங்க" என்றான்.

கபீர் அவனைக் கடுமையாகப் பார்த்தார். "காலையில நிறுத்துப் பார்க்கச் சொன்னது நீதானே. நிறுத்தாச்சு. எடை பிடிக்கலேன்னு இப்ப தராசைத் தள்ளிவிடுறியா?"

நம்புராஜன் தலைகுனிந்தான்.

அடுத்த மூன்று நாளும் விடியற்காலையில் வலை, மாலையில் மைதானம். சதக் பந்து கொடுக்கும்போது 'வாங்கு' என்று சொல்லக்கூடாது, 'இந்தா' என்று சொல்லவேண்டும் என்று கபீர் கட்டளை போட்டார். சதக் அதைக் கடைத்தெருவில் நடக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் கூட்டம் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் வழிந்தது. தொண்டி டீமின் முன்வரிசை ஐந்து பேரும் கொடிகட்டிப் பறந்தவர்கள். அரையிறுதியில் ஐந்து கோல் போட்டவர்கள். முதல் பாதி முழுக்க அவர்கள் அலையலையாக வந்தார்கள். நம்புராஜன் முகம் திருப்பவில்லை. பின்னால் ஓடினான், பறித்தான், தட்டினான். சலாஹுதீன் வானத்துக்கு உதைத்தான். மறுபடி வந்தார்கள். மறுபடி பறித்தான். கோட்டுக்கு வெளியே நின்ற கபீர், கையில் ஆட்டக்காரர்களுக்கான எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி, அதை நறுக்கவும் மறந்து நின்றார்.

ஆட்டம் முடியப் பதினைந்து நிமிஷம் இருந்தபோது சலாஹுதீன் ஒரு மோதலில் கணுக்கால் பிசகி விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பதிலுக்கு ஆள் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. பாம்பன் டீமில் பத்துப் பேர். பின்னால் ஒரே ஒரு பேக்கு, உதை இல்லாதவன். நாகநாதன் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

தொண்டிக்காரர்கள் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். மூன்று பேராக வந்தார்கள். நம்புராஜன் பறித்தான். பறித்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தான். தட்டிக்கொடுக்க யாருமில்லை. முன்னால் உதைத்தால் இருபது கெஜம். அங்கே நின்றது எதிரி. ஒரு நொடி அவன் கால் தடுமாறியது. பிறகு கண் பக்கவாட்டில் போனது. மைதானத்தின் ஓரக்கோடு பதினைந்து கெஜத்துக்குள் இருந்தது.

பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்தான்.

பந்தை எடுத்துவந்து தொண்டிக்காரர்கள் உள்ளே எறிவதற்குள் பாம்பன் ஆட்கள் எல்லாரும் இறங்கிவந்து நின்றுவிட்டார்கள். மறுபடி பறித்தான். மறுபடி கோட்டுக்கு வெளியே. கூட்டம் கூவியது, இது என்ன ஆட்டம், பந்தை முன்னால் உதைக்கத் தெரியாதா என்று வைதது. அவனுக்குக் காது கேட்கவில்லை. இடப்பக்கம் நெருங்கினால் இடது கோடு, வலப்பக்கம் நெருங்கினால் வலது கோடு. பதினொரு தடவை வெளியே போட்டான். உரிந்த முழங்கால் மறுபடி கிழிந்து, ரத்தம் கணுக்கால்வரை இறங்கிக் காய்ந்தது. கடைசி நிமிஷத்தில் தொண்டியின் நடு ஆட்டக்காரன் பந்தோடு தனியாக வந்தான். நம்புராஜன் அவனைப் பார்த்துக்கொண்டே கோல்கோடு வரைக்கும் பின்னால் ஓடினான். முதுகு சதக்கின் மேல் இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. குதிகாலை நீட்டினான். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. நடுவர் விசில் ஊதினார்.

கோல் இல்லை. இரண்டு டீமுக்கும் பொதுவாக ஷீல்டு என்று அறிவித்தார்கள். ஆறு மாதம் தொண்டியில், ஆறு மாதம் பாம்பனில். முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு அது அரை வெற்றி. கோலுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு, ஒன்றும் விழாத ஆட்டம் முழு வெற்றி. நம்புராஜன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கபீர் நொண்டிக்கொண்டே மைதானத்தைக் கடந்து வந்தார். கையிலிருந்த பழத்தை அவனிடம் கொடுத்தார். கட்டிப்பிடிப்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் அவன் தோளில் கைவைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அடுத்த வருசத்துக்கு எனக்குப் பேக்கு வேணும். நடுவுல ஹாப்புலயும் ஒரு ஆள் வேணும். உங்க வரிசையிலேர்ந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

நம்புராஜனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பழத்தின் தோலைக் கடித்துத் துப்பிவிட்டு, நேர்மையாகச் சொன்னான்:

"அவுகளுக்கும் உதை வராதுண்ணே."

"தெரியும்" என்றார் கபீர்.